மல்லாந்து கிடக்கும் ஐசி

பழைய தையல் மெஷினைப் பிரித்து, மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் சுற்றும் மெஷின் செய்தவன் நான். போர்வெல் குழிக்குள் இறங்கிய மோட்டாரை மேலே இழுக்க, உடைந்த லாரி அச்சிலிருந்து கப்பி செய்தவன் நான். வார்னிஷ் ஊற்றிய மோட்டாரைக் காயவைக்கத் தனி அடுப்பு வேண்டும் என்று கம்பெனிக்காரர்கள் படம் காட்டினார்கள். தார் டிரம்மை அறுத்து நானே செய்துகொண்டேன். என் வீட்டுச் சுவர் நான் வைத்தது. கடைக் கூரை நான் போட்டது. நாங்கள் சொந்த நிலம் இல்லாத கூலிக் குடும்பம். அடுத்தவர் வயலில் குனிந்தே முதுகு போன அப்பன் ஆத்தாளுக்குப் பிறந்து, ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, இத்தனையும் செய்தேன்.

தொழில் கற்றுக்கொள்ள முதன்முதலில் பெரம்பலூரில் ஒரு மோட்டார் ரிப்பேர் கடைக்குப் போனபோது, "காயில் கட்றதுக்கு மூளை வேணும்டா, களை எடுக்குற வேலை கெடையாது" என்று அந்த முதலாளி வாசலிலேயே திருப்பி அனுப்பினார். அவர் கடை இருந்த இடத்தில் இப்போது பரோட்டாக் கடை நடக்கிறது. பெரம்பலூர் போனால் பசித்தாலும் பசிக்காவிட்டாலும் அங்கே உட்கார்ந்து இரண்டு பரோட்டா சாப்பிட்டுவிட்டுத்தான் பஸ் ஏறுவேன். நான் மறக்கிற ஆள் இல்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

மேலே சொன்ன எதையும் எவனும் திருடவில்லை. திருடியது ஒன்றே ஒன்றைத்தான். திருடியவன் என் மச்சினன், என் பெண்டாட்டியின் தம்பி. அவனுக்கு அரியலூரில் மோட்டாரும் குழாயும் விற்கிற கடை இருக்கிறது, கண்ணாடிக் கதவு போட்ட கடை. படிப்பில் அவனும் என்னைப் போலத்தான், பெரிதாக ஒன்றும் கிடையாது. ஆனால் வாய் இருக்கிறது. என்னிடம் கை இருக்கிறது. நடந்ததை முறையாகச் சொல்கிறேன். யார் செய்தது என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

எங்கள் வேப்பந்தட்டைப் பக்கம் மானாவாரிப் பூமி. மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம். போரில் தண்ணீர் கொஞ்ச நேரம் வரும், பிறகு நின்றுவிடும். மோட்டாரைப் போட்டுவிட்டு ஆள் வேறு வேலைக்குப் போயிருப்பார். தண்ணீர் இல்லாமல் வெறுமனே ஓடி ஓடி மோட்டார் எரிந்துபோகும். எரிந்தால் என்னிடம்தான் தூக்கிக்கொண்டு வருவார்கள். அதில்தான் என் பிழைப்பே நடந்தது. அப்படியிருந்தும், தண்ணீர் நின்றால் மோட்டாரைத் தானே நிறுத்துகிற ஒரு சர்க்யூட் அட்டை செய்ய வேண்டும் என்று நினைத்தேன். என் பிழைப்பில் நானே மண் அள்ளிப் போட்டுக்கொள்ளத் துணிந்தேன். இதை எந்த மேடையிலும் எவனும் சொல்லவில்லை.

விஷயம் சின்னதுதான். தண்ணீரை இழுக்கிற மோட்டார் கரண்டை அதிகம் குடிக்கும். வெறுமனே சுற்றுகிற மோட்டார் குறைவாகக் குடிக்கும். மோட்டாருக்குப் போகிற வயரில் ஒரு குட்டிக் காயிலை மாட்டிவிட்டால், கரண்டு குறைவதை அது சொல்லிவிடும். அதைக் கேட்டு ஸ்டார்ட்டரை நிறுத்தச் சொல்ல இரண்டு பக்கமும் கால் முளைத்த கறுப்புப் பூச்சி மாதிரி ஒரு ஐசியும் நாலு சில்லறைச் சாமான்களும் போதும். காயில் சுற்றுவது எனக்குப் பிறவி வேலை மாதிரி. மற்றதைச் செல்போன் வீடியோவில் பார்த்துப் படித்தேன். பேசியவன் ஹிந்திக்காரன். அவன் பேச்சு புரியவில்லை, கை புரிந்தது.

பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கோடு போட ஆரம்பித்தேன். அட்டையில் வயர் கிடையாது. செம்புக் கோடுதான் வயர். ஒரு கோடு இன்னொரு கோட்டைக் குறுக்கே தாண்டக் கூடாது என்பதுதான் மொத்த வித்தையும். வயலுக்கு வாய்க்கால் வெட்டுகிறவன் இரண்டு வாய்க்காலைக் குறுக்கே விடுவானா? சுற்றிக்கொண்டுதான் போவான். அப்படிச் சுற்றிச் சுற்றி வரைந்தேன். தாள் தாளாகக் கிழித்தேன். ஒரு மாசத்துத் தேதி எல்லாம் குப்பையில் கிடந்தது. கடைசியில் ஒரு கோடும் இன்னொன்றை மிதிக்காமல் படம் வந்தது. ஓரத்தில் 'வேப்பந்தட்டை' என்று எழுதினேன்.

செம்பு ஒட்டிய அட்டையைத் திருச்சியிலிருந்து வாங்கிவந்தேன். செம்பின் மேல் படத்தை வரைந்து, மருந்துத் தண்ணீரில் போட்டால், வரைந்த இடம் மட்டும் நிற்கும், மற்ற செம்பு கரைந்துபோகும். மருமகளின் நகப்பூச்சை வைத்துத்தான் முதலில் வரைந்துபார்த்தேன். கோடுகள் பக்கத்துக் கோட்டோடு ஒட்டிக்கொண்டு, கூழ் கொட்டின மாதிரி ஆனது. அப்போதுதான் பெரம்பலூரில் கல்யாண மஞ்சப்பைக்கு ஸ்கிரீன் அச்சடிக்கிற ஆள் நினைவுக்கு வந்தார். அவர் அடித்த மை எத்தனை தடவை துவைத்தாலும் போகாது. பத்து வருசத்துக்கு முன்னால் கல்யாணமானவர்கள் பெயரைச் சுமந்துகொண்டு இன்னும் சந்தைக்கு வருகிறவர்கள் உண்டு.

படத்தை எடுத்துக்கொண்டு போனேன். "ஒண்ணே ஒண்ணுக்கு ஸ்கிரீன் போடறதுக்கு நான் என்ன பைத்தியமாண்ணே? இருக்குற அட்டையெல்லாம் கொண்டாங்க, அடிச்சுத் தள்ளிடுறேன்" என்றார். வாங்கியிருந்த அட்டை முழுவதையும் துண்டு போட்டு, புளி வைத்துத் தேய்த்துப் பளபளவென்று கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரே ஒரு விஷயம் சொன்னேன்: படத்தைத் திருப்பிப் போட்டு அடிக்க வேண்டும். ஏனென்றால் ஐசியும் மற்ற சாமான்களும் உட்காருவது அட்டையின் மேல்பக்கம், செம்பு இருப்பது அடிப்பக்கம். மேலிருந்து பார்த்து வரைந்த படத்தை அடியில் அச்சடிக்கும்போது கண்ணாடியில் தெரிகிற மாதிரி இடம் வலம் மாறி இருக்க வேண்டும். அவர் தலையாட்டினார்.

வீட்டுக்குக் கொண்டுவந்து பழைய பிளாஸ்டிக் ஊறுகாய் டப்பாவில் மருந்தைக் கரைத்து ஊற்றினேன். வறக்காப்பி நிறத்தில் இருக்கும். வெயிலில் வைத்து, தொட்டில் ஆட்டுகிற மாதிரி ஆட்டிக்கொண்டே இருந்தேன். செம்பு கரைந்து, கோடுகள் மட்டும் நின்றபோது, இதைச் செய்ய உலகத்தில் இன்னொருவன் பிறக்கவில்லை என்று தோன்றியது. எல்லா அட்டையையும் கரைத்து எடுத்துக் கழுவி, துளையும் போட்டுவிட்டேன். பிறகு ஐசியை எடுத்து வைத்துப்பார்த்தால், ஒரு காலும் அதனதன் கோட்டுக்குப் போகவில்லை. இடப்பக்கத்துக் கோடு எல்லாம் வலப்பக்கம் இருக்கிறது.

அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். செம்பில் 'வேப்பந்தட்டை' என்று அழகாக, நேராக, படிக்கிற மாதிரி இருந்தது. அப்போதே புரிந்துவிட்டது. அடுத்த பஸ்ஸைப் பிடித்துப் பெரம்பலூர் போனேன்.

"திருப்பிப் போட்டு அடிக்கச் சொன்னனா இல்லையா?"

"திருப்பித்தான் போட்டேண்ணே. எழுத்து தலைகாலு மாறி வந்துச்சு. என்னடா இது, அண்ணன் தெரியாம சொல்லிட்டாருன்னு நான்தான் நேரா வச்சு அடிச்சேன். நீங்க எனக்கு நன்றி சொல்லணும்."

"யோவ், எழுத்து எப்படி இருந்தா எனக்கென்ன?"

"அது எப்படிண்ணே? மாப்பிள்ள பேர இப்படித் திருப்பி அடிச்சா பொண்ணு வூட்டுக்காரன் சும்மா வுடுவானா? இத்தன வருசத்துல எங்கையால ஒரு எழுத்து தப்பா போனது கெடையாது."

அவரைத் திட்டி ஒன்றும் ஆகப்போவதில்லை. இருந்த அட்டை எல்லாம் கரைந்து முடிந்தது. புதிதாக வாங்கலாம் என்றால் மறுபடி திருச்சி, மறுபடி ஸ்கிரீன், மறுபடி அந்த ஆளின் மூஞ்சி. கடையில் உட்கார்ந்து ஐசியைக் கையில் வைத்துப் புரட்டிக்கொண்டே இருந்தேன். புரட்டும்போதுதான் கண்ணில் பட்டது. அட்டை இடம் வலமாக மாறியிருந்தால், ஐசியையும் மல்லாத்திவிட்டால் அதுவும் மாறிவிடும் அல்லவா? கால்களைக் குறடால் ஒவ்வொன்றாக எதிர்ப்பக்கம் மடக்கி, மல்லாந்த கரப்பான் மாதிரி முதுகு அட்டையில் படும்படி வைத்தேன். காலெல்லாம் அதனதன் துளைக்குள் போய் உட்கார்ந்தது. காலை ஒரு தடவைதான் மடக்கலாம், இரண்டாவது தடவை மடக்கினால் ஒடிந்துவிடும். ஒடித்துத்தான் கற்றுக்கொண்டேன்.

அடுத்தது சால்ட்ரிங், ஈயத்தை உருக்கிக் காலைச் செம்போடு ஒட்டவைக்கிற வேலை. என்னிடம் இருந்தது மோட்டார் வயரைப் பற்றவைக்கிற பெரிய கட்டை. மாட்டுக்குச் சூடு போடுகிற கம்பி மாதிரி இருக்கும். வைத்த உடனே செம்புக் கோடு அட்டையை விட்டு உரிந்து வந்தது. கட்டையின் மூக்கில் தடித்த செம்புக் கம்பியைச் சுற்றி, நுனியை மட்டும் நீட்டி, ராவிக் கூராக்கினேன். சூடு நுனிக்கு அளவாக வந்தது. முதல் அட்டையில் நான் வைத்த ஈயம் எல்லாம் ஆட்டுப்புழுக்கை மாதிரி உருண்டை உருண்டையாக நின்றது. பார்க்கப் பெரிதாக இருக்கும், உள்ளே பிடித்திருக்காது. ஈயத்தைச் சூடாக்கக் கூடாது, காலையும் செம்பையும் சூடாக்கினால் ஈயம் தானாக ஓடிப் படியும் என்பது பிறகு பிடிபட்டது. கண்ணில் புகை, விரலில் கொப்புளம். முடித்தேன்.

பக்கத்து வெங்காயக் காட்டுக்காரரின் ஸ்டார்ட்டர் பெட்டியில்தான் அதை முதலில் மாட்டினேன். அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"மோட்டாரு எரிஞ்சுது, உன் கடைத் தகரத்தப் பிரிச்சிருவேன்."

"பிரிச்சுக்குங்க. கூரை நான் போட்டது, மறுபடி போட்டுக்குவேன்."

குழாயில் தண்ணீர் வந்தது, மெலிந்தது, சொட்டியது. 'டக்' என்று சத்தம் கேட்டு மோட்டார் நின்றது. காட்டுக்காரர் குழாயைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். "அதுவா நின்னுச்சா, நீ நிறுத்துனியா?" என்றார். என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த பட்டம் அந்தக் கேள்விதான்.

அதற்குப் பிறகுதான் மச்சினன் வீட்டுக்கு வந்தான். கறிச்சோறு சாப்பிட்டுவிட்டு அட்டையைக் கையில் எடுத்துப் பார்த்தான். "மாமா, இது பெரிய மேட்டரு மாமா. ஒண்ணு குடுங்க, கடையில நாலு பேருக்குக் காட்டுறேன்" என்றான். "குடுங்களேன், என்ன தேஞ்சா போயிடும்?" என்றாள் அவன் அக்கா. என் கையாலேயே எடுத்துக் கொடுத்தேன். அவன் போகும்போது வாசல்வரை போய் வழியனுப்பினேன் வேறு.

ஒரு வருசம்கூட ஆகியிருக்காது. செந்துறைப் பக்கத்துக்காரர் ஒருவர், எங்கள் ஊரில் பெண் கொடுத்தவர், மகளைப் பார்க்க வந்த கையோடு ஒரு பெட்டியைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். மூடியில் அம்மன் படம், மச்சினன் கடைப் பெயர், கீழே 'எங்கள் சொந்தக் கண்டுபிடிப்பு'.

"ஓடலைங்க. அரியலூர்ல வாங்குனது, கம்பெனி சாமான். உங்களுக்குத் தொறக்கத் தெரியுமான்னு எம் மவ சந்தேகப்பட்டா."

திறந்தேன். உள்ளே ஐசி மல்லாந்து கிடந்தது. என் கோடுகள், என் வாய்க்கால்கள், என் சுற்று எல்லாம் அப்படியே. ஓரத்தில் 'வேப்பந்தட்டை' இருந்த இடம் மட்டும் வெறிச்சென்று இருந்தது. எழுத்தைச் சுரண்டத் தெரிந்தவனுக்குத் தப்பைச் சுரண்டத் தெரியவில்லை. வெளியூரில் யாரிடமோ கொடுத்து ஈயடிச்சான் வேலை பார்த்திருக்கிறான். நேராக வைத்தால் ஓடவில்லை, ஏன் என்று தெரியவில்லை, எனவே மல்லாத்தியே வைத்துவிட்டான். பிறகு விசாரித்தேன். அவன் கடை மாடியில் ஐந்தாறு பெண்கள் உட்கார்ந்து, குறடால் ஐசிக் காலை மடக்குவதுதான் வேலையாம். மஞ்சப்பைக்காரர் செய்த கோளாறுக்கு அரியலூரில் ஒரு தொழிற்சாலையே நடக்கிறது.

பெண்டாட்டிக்காகப் பொறுத்தேன். அட்டையைப் புதிதாக வரைந்து, இந்தத் தடவை முறையாகத் திருப்பி அச்சடித்து, ஐசி காலில் நிற்கிற மாதிரி செய்தேன். வேப்பந்தட்டையில் விற்கவும் ஆரம்பித்தேன். ஒருநாள் ஒரு விவசாயி என் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, முகத்தைச் சுளித்துத் திருப்பி வைத்தார்.

"ஏங்க, அரியலூரு ஒரிஜினல்ல ஐசி மல்லாந்து இருக்கும். உங்களுதுல நிக்குது. டூப்ளிகேட்டுங்களா?"

அரியலூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் விவசாயக் கண்காட்சி நடக்கப்போகிறது, அதில் மச்சினனுக்குச் சால்வை போடப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். என் அட்டையைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். பெரம்பலூரில் பஸ் மாறும்போது சிறுவாச்சூர் இருக்கிற திசையைப் பார்த்து அம்மனைக் கும்பிட்டேன். நல்லதற்காகக் கும்பிடவில்லை. அவன் நாக்கு இன்றைக்குக் குழற வேண்டும் என்றுதான் கும்பிட்டேன்.

மண்டபத்தில் மச்சினன் மேசை போட்டு, பெட்டிகளை அடுக்கி வைத்திருந்தான். சுற்றிலும் கூட்டம். தோளில் சால்வை ஏறியிருந்தது.

"மாப்ள, எனக்கு ஒரு சந்தேகம். இந்த ஐசி ஏன் மல்லாந்து கெடக்கு?"

அவன் என்னைப் பார்த்து ஒரு நொடிதான் விழித்தான். பிறகு சிரித்தான். "வாங்க மாமா, வாங்க! எங்க மாமாங்க இவுங்க. அது வந்து மாமா, டெக்னாலஜி. வயிறு மேல இருந்தா காத்து படும், சூடு எறங்கும்."

"நம்ம மாதிரிதான் போலருக்கு. கோடையில நாமளும் மல்லாந்துதான படுக்குறோம்" என்றார் கூட்டத்தில் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள்.

பையிலிருந்து என் அட்டையை எடுத்து மேசையில் வைத்தேன். "இது நிக்குது. மாசக் கணக்கா ஓடுது. இதுக்கு ஏன் சூடேறல? நான் சொல்லட்டுமா? மஞ்சப்பை அடிக்கிற ஆளு படத்தத் திருப்பாம அடிச்சுட்டாரு. அட்டை வீணாப் போகுதேன்னு நான் கால மடக்கி மல்லாத்துனேன். சரி, எனக்கு அவரு அடிச்சாரு. உனக்கு எவன் அடிச்சான்?"

அவன் வாய் திறக்கவில்லை. அம்மன் கேட்டுவிட்டாள். நான் அத்தோடு நின்றிருந்தால் கூட்டம் யோசித்திருக்கும். ஆனால் அவன் என் கையைப் பிடித்து, "மாமா, வூட்டு விஷயத்த வூட்டுல பேசிக்கலாம், வாங்க, மொத காப்பி குடிங்க" என்று மெதுவாகச் சொன்னான். நான் கையை உதறினேன். உதறிய வேகத்தில் பெட்டி ஒன்று கீழே விழுந்தது. உடனே அது மாமன் மச்சான் சண்டை ஆகிவிட்டது.

"பெரியவரே, உங்க சண்டைய வுடுங்க. எவன் செஞ்சா என்ன, மோட்டாரு எரியாம இருந்தா சரி" என்றார் ஒருவர்.

பிறகு மைக்கில் மச்சினன் பேசினான். கடைசியில், என் பக்கம் கையைக் காட்டி, "எங்க மாமாவும் ஆரம்பத்துல கொஞ்சம் ஒத்தாசையா இருந்தாங்க" என்றான். கூட்டம் எனக்கும் சேர்த்துக் கை தட்டியது. ஒத்தாசை! வயரைப் பிடித்துக்கொண்டு நிற்பது ஒத்தாசை. டீ வாங்கி வருவது ஒத்தாசை. அவன் என்னைத் திருடன் என்று சொல்லியிருந்தால்கூட இவ்வளவு எரிந்திருக்காது.

நான் வீட்டுக்கு வருவதற்குள் பெண்டாட்டிக்குப் போனில் செய்தி வந்துவிட்டது.

"ஊரு முன்னால எந்தம்பிய நிக்க வச்சுக் கேட்டீங்களாமே. இனி அவன் மூஞ்சிய நான் எப்படிப் பாப்பேன்?"

"மூஞ்சியத் தாராளமாப் பாரு. அவன் பெட்டியத் தொறந்து பாக்காத."

"அவன் இல்லன்னா அந்தச் சாமான் இத்தன காட்டுக்குப் போயிருக்குமா? நீங்க வச்சிருந்தா நம்ம தெருவத் தாண்டிருக்காது."

இதற்கு என்னிடம் பதில் இருந்தது. ஆனால் சோற்றுக் கரண்டி அவள் கையில் இருந்தது.

வேறு வழியில் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். மச்சினன் விற்ற பெட்டிகள் பழுதானால் அரியலூருக்கு யார் போவார்கள்? இந்தப் பக்கத்து ஆட்கள் என்னிடம்தான் வருகிறார்கள். வரட்டும். நன்றாகச் சரிசெய்து கொடுக்கிறேன். மல்லாந்து கிடக்கிற ஐசியின் வயிறு ஒரு எழுத்தும் இல்லாமல் மேலே பார்த்துக்கொண்டிருக்கும். அதைவிட நல்ல இடம் எழுதுவதற்குக் கிடைக்காது. வெள்ளைப் பெயிண்ட் பேனாவால் அதில் என் பெயரையும் ஊரையும் எழுதி, காயவைத்து, மூடித் தருகிறேன். அவனுக்குச் சம்பாதித்துக் கொடுத்த ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் நான் போய் உட்கார்ந்துகொண்டிருக்கிறேன்.

ஒருநாள் அவன் போன் செய்தான். "மாமா, கஸ்டமரு கேக்குறாங்க, இது யாரு பேருன்னு."

"நீ என்ன சொன்ன?"

"சர்வீஸ் பண்ணவர் பேருன்னு சொன்னேன்."

போனை வைத்துவிட்டேன். இன்னும் அவன் திருந்தவில்லை.

எனவே எல்லோருக்கும் தெரியும்படி இங்கேயே எழுதிவிடுகிறேன். அவன் காசில் எனக்குப் பங்கு வேண்டாம். சால்வையை அவனே போர்த்திக்கொள்ளட்டும். அம்மன் படமும் இருக்கட்டும், கடைப் பெயரும் இருக்கட்டும். 'எங்கள் சொந்தக் கண்டுபிடிப்பு' என்கிற வரியை எடுத்துவிட்டு, கடைப் பெயர் எந்த அளவு எழுத்தில் இருக்கிறதோ அதே அளவில், 'இந்த அட்டையை வரைந்து, முதலில் செய்து, ஓட்டிக் காட்டியவர்' என்று போட்டு, என் பெயரையும் என் ஊரையும் மூடியின் மேல்பக்கம் அச்சடிக்க வேண்டும். ஒத்தாசை, உதவி, ஆலோசனை என்று எந்தச் சொல்லும் கூடாது. அவனுக்கு எங்கே அச்சடிப்பது என்று தெரியாவிட்டால், பெரம்பலூர் மஞ்சப்பைக்காரரிடமே கொடுக்கட்டும். எழுத்தை அவர் நேராகத்தான் அடிப்பார்.